ஒன்பது நிமிஷ எண்ணெய்

என் உயிர் மச்சான் அந்தோணி,

உன் நாலு விமானமும் இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கின்றன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்பாய்.

இதைப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். அந்த விமானங்கள் நாலு ரப்பர் கொட்டைகள். பீடோர் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில், பாமாயில் தரும் செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்த்த வருஷம், அந்தோணி பொறுக்கி வைத்தவை. கப்பல், சீனர்கள் ஆடும் மாஜோங் கட்டை ஒன்று. கடல், என் வீட்டில் கூரை மாற்றியபோது மிஞ்சிய ஒரு பிளைவுட் பலகை. நம் நாட்டுக்கு விமானந்தாங்கிக் கப்பல் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி லூமுட்டில் உன் வீட்டுக்கு வருவேன். அடுத்த சனிக்கிழமை நீ வருவாய். பதினோரு வருஷம் நம் கப்பல் சண்டை ஆட்டம் இப்படி ஓடியது. நீ கடற்படையில் இருபத்தோரு வருஷம் ஹெலிகாப்டருக்கு எண்ணெய் ஊற்றியவன். நான் எண்ணெய் லாரி ஓட்டியவன். ஆறாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த விமானிகளின் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு வருஷம் உட்கார்ந்து படித்தேன்.

"எண்ணெய லிட்டர்ல போடாத மச்சான், எடையில போடு. வெயில் ஏறினா எண்ணெய் பெருக்கும், எடை மாறாது" என்று முதல் நாளே சொன்னாய். உடனே எனக்குப் புரிந்தது. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வாளி நிறைந்திருக்கிறதா என்று கணக்கெழுதும் கிராணி பார்த்தானா? மழைத்தண்ணீர் கலந்ததா என்று கருவியை விட்டுத்தானே பார்த்தான்? வாளியை நம்பாதே என்பது வாளி சுமந்த நம் அம்மாக்களுக்கே தெரியும்.

அந்தக் கடைசி ஆட்டத்தை நான் மறக்கவில்லை. காற்று கிழக்கிலிருந்து, மணிக்கு நாற்பது கடல் மைல். விமானம் ஏற்ற உன் கப்பல் காற்றுக்கு எதிரே, கிழக்கே திரும்பியது. விமானங்களோ மேற்கே, என் பக்கம் வந்தன. வேகம் நானூறு. பின்காற்றில் நானூற்று நாற்பது. ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரத்துக்கு எண்ணெய். ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்நூற்றைம்பது கடல் மைல் வந்துவிட்டாய். ஐந்து நிமிஷம் சண்டை. அது பத்து நிமிஷத்து எண்ணெயைக் குடித்தது. மிச்சம் தொண்ணூற்றைந்து நிமிஷம்.

திரும்பிப் போகும்போது எதிர்காற்று. வேகம் முந்நூற்று அறுபதுதான். போகும்போது காற்று கொடுத்ததை வரும்போது எடுத்துக்கொள்ளும், இரண்டும் சரியாகப் போய்விடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். சரியாகாது. எதிர்காற்றில் அதிக நேரம் நிற்கிறோம், அது அதிகமாகத்தான் எடுக்கும். அதற்கு மேல் உன் கப்பல் இருபத்தைந்து வேகத்தில் கிழக்கே விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நான் போட்ட கணக்கில் நூற்று நாலு நிமிஷம் வந்தது. ஒன்பது நிமிஷத்து எண்ணெய் இல்லை.

"நாலும் கடல்ல மச்சான்" என்று சொல்லி, கொட்டைகளைப் பொறுக்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ சிரிக்கவில்லை. "என் பையனுங்கள கீழ வை. இன்னும் கவர பிரிக்கல."

"எதுக்கு பிரிக்கணும்? எண்ணெய் பத்தாது லா. கணக்கு பேசுது."

"கப்பல் எங்க இருக்குன்னு தெரியாம எப்படி டா கணக்கு பேசும்?"

"காத்துக்கு எதிரே போற கப்பல் வேற எங்க போவும்? பங்கோர் தீவுக்கு மீன் வாங்கவா?"

விமானம் ஏறுமுன் கப்பலுக்கான உத்தரவை எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும், விமானம் திரும்பும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட விதி. அதை நான் மீறினேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எழுந்து நின்று சொன்னாயே, அதற்கு என்ன விதி?

"நீ பொஸ்தகத்துல படிச்சவன். டெக்குல நின்னவன் இல்ல. வராதவனுக்காக நின்னு பாத்திருக்கியா நீ?"

நாலு வருஷம் அகராதியோடு உட்கார்ந்தவனிடம் அப்படிச் சொல்லலாமா, மச்சான்?

உறையை எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரி கமலா வைத்த மீன் குழம்பைக்கூடச் சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அடுத்த சனிக்கிழமை லூமுட்டுக்கு வரவேண்டிய முறை என்னுடையது. நான் வரவில்லை. தப்பாகப் பேசியவன்தான் வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதம். கமலா கேட்டாள், "ரப்பர் கொட்டைக்கா இவ்வளவு ரோஷம்? அண்ணன் வரலைன்னா நீங்க போங்களேன்." முறை என்னுடையது என்று அவளுக்கும் தெரியும். நீ மருத்துவமனையில் இருக்கிறாய் என்று உன் மகள் ரீத்தா போன் செய்தபோதும், கமலாவை மட்டும் அனுப்பினேன். நீ அவளிடம் என்னைக் கேட்டாயா? அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும் அல்லவா?

உன் அடக்கத்தின் அன்று கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தேன். நாலு கொட்டையும் பையில்தான் இருந்தன.

இப்போது சேதி. உன் பேத்திக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டாம் தடவையில். என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கமலா என் சட்டையைப் பை பார்க்காமல் மெஷினில் போட்டு, ஒரு கொட்டையில் கீறல் விழுந்துவிட்டது. பலகை கூடத்தில் அப்படியே இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் அதன் மேல் கையை ஊன்றப் பார்க்கிறார்கள். "கடல் மேல கை வைக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ரீத்தா வந்தாள். "மாமா, அப்பாவோட கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்திச்சு" என்று நாலாக மடித்த உறையை நீட்டினாள். ஒட்டியது ஒட்டியபடி. மேலே உன் கோழிக்கிறுக்கல்: 'முனியாண்டிதான் பிரிக்கணும்.'

எட்டு நாள் நான் பிரிக்கவில்லை. உறை ஒட்டியிருக்கும்வரை நம் ஆட்டம் முடியவில்லை. முடியாத ஆட்டத்தை விட்டுவிட்டு நீ எங்கே போவாய்?

ஒன்பதாம் நாள் காலையில், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு பிரித்தேன்.

'கடைசி விமானம் ஏறினதும் கப்பலைத் திருப்பு. மேற்கே, இருபத்தஞ்சு. பையன்கள் வர்ற பக்கமே போ. கண்ணில் பட்டதும் காத்துக்கு எதிரே திரும்பி இறக்கு.'

மேற்கே. என் பக்கமே வந்தாயா? என் ஆட்கள் காத்திருக்கும் பக்கம்? அது ஆபத்து, மச்சான். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். செய்யவும் இல்லை.

மூன்று தடவை கணக்குப் போட்டேன். அவர்கள் இந்தப் பக்கமிருந்து, நீ அந்தப் பக்கமிருந்து. எண்பது நிமிஷத்தில் சந்தித்துவிடுகிறீர்கள். கையில் பதினாலு நிமிஷத்து எண்ணெய் மிச்சம். நாலு பேர் இறங்க அது போதும். கீறல் விழுந்தவன் டெக்கில் பிடித்து நிறுத்தும் கம்பியைத் தவறவிட்டாலும், சுற்றி வந்து இன்னொரு தடவை இறங்கலாம்.

என் எண்ணெய்க் கணக்கில் தப்பு இல்லை. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், உன்னிடமும்கூட. கப்பல் விலகித்தான் போகும் என்று எடுத்துக்கொண்டேனே, அதுதான் தப்பு.

இன்னும் நான் அவர்களை இறக்கவில்லை. பலகையில், உன் கப்பலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். ரீத்தாவிடம் வேன் கேட்டிருக்கிறேன். பலகை பஸ்ஸில் ஏறாது. "மாமா, ஆடுறதுக்கு ஆள் இல்லையே" என்றாள். "முறை இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை வாரேன், மச்சான். உன் வீட்டு மேசையில் பலகையை வைத்து, உன் நாலு பையன்களையும் ஒவ்வொருவனாக உன் கப்பலில் இறக்கிவிட்டு, கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுகொண்டே பார்ப்பேன். உட்கார மாட்டேன்.

லூமுட்டுக்கு ஒரு முறை பாக்கி வைத்த,
உன் மச்சான் முனியாண்டி
ஈப்போ