சுவரெல்லாம் என் எழுத்து

ஏப்ரல் 22

மணிக்கட்டு வீக்கம் இன்றும் வடியவில்லை. மரச்சில்லை மசியில் தோய்த்து, ஒவ்வொரு அரபி எழுத்தையும் சொல்லில் அது நிற்கும் இடத்துக்கேற்ப நாலு விதமாக இழுத்து இழுத்து உண்டாக்கிய எழுத்துரு. இரண்டு வருஷ உழைப்பு. போன வருஷம் இணையத்தில் சும்மாவே போட்டுவிட்டேன். இப்போது எங்கள் ஊர் அல்மினாவில் ஜூஸ் கடை, டயர் கடை, 'இங்கே வண்டி நிறுத்தாதே' எல்லாம் அதில்தான் கத்துகிறது. தெருவில் நடந்தால் என் சத்தமே எனக்குத் தலைவலி.

தம்பி பஸ்ஸாம் வந்தான். ரொட்டிக்கடையோடு சும்மா இருக்க முடியவில்லை, நகராட்சித் தேர்தலில் நிற்கிறானாம். "போஸ்டரு, வாசல்ல குடுக்கிற ஓட்டுச் சீட்டு, எல்லாம் உன் எழுத்துலதான்க்கா. தடியா, கரடுமுரடா. கண்ணு தெரியாதவனும் பாக்கணும்."

எங்கள் ஊரில் வேட்பாளரே அச்சடித்து வாக்குச்சாவடி வாசலில் நீட்டும் சீட்டைத்தான் பெட்டியில் போடுவார்கள். செய்து கொடுத்தேன். முடியாது என்றால் விடுகிற ஆளா?

ஏப்ரல் 26

ஒட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 29

எதிர்த்து நிற்கும் முனீர் கப்பாராவின் போஸ்டர் வந்துவிட்டது. அதே எழுத்து. இரண்டு மடங்கு பெரிசு.

பஸ்ஸாம் வந்தவன் உட்காரவே இல்லை. "எத்தன பேருக்குக்கா நீ அக்கா?"

"நான் குடுக்கலடா. அது பொதுவுல கெடக்கு. யாரு வேணா எடுத்துக்கலாம்."

"அப்போ நானும் அந்த யாரு வேணாதானே."

போய்விட்டான். காபி அப்படியே இருந்தது. நான் என்னதான் செய்ய? ஊருக்கே கொடுத்ததைப் பிடுங்கவா முடியும்?

மே 3

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறான். எனக்கு இருப்பது இவன் ஒருத்தன்தான்.

மே 12

தோற்றுவிட்டான்.

மே 14

மாடிவீட்டு உம்மு தாரிக் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

"உன் தம்பி எப்படித் தோத்தான்? நான் போட்டேனே! வாசல்ல ஆளுக்கொரு சீட்டு நீட்டினானுங்க. ரெண்டும் உன் எழுத்துதான். பெரிசா இருந்ததுதான் உன் தம்பியோடதுன்னு மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வந்தேன்."

பெரிய எழுத்துச் சீட்டு முனீருடையது.

"நல்லது சித்தி" என்றேன். இவளை மாதிரி இன்னும் எத்தனை பேரோ. என் கையாலேயே அவனைக் கவிழ்த்துட்டேனா?

மே 17

மனசு கேட்கவில்லை. பஸ்ஸாமின் கடைக்கே போய் உம்மு தாரிக் கதையைச் சொல்லிவிட்டேன். திட்டட்டும், திட்டி முடிக்கட்டும் என்றுதான் போனேன்.

மாவு பிசைந்துகொண்டிருந்தவன் நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படிக்கத் தெரியாத பொம்பள, உன் கைய அடையாளம் கண்டிருக்கா."

"ஆமாடா."

"எனக்குன்னு நெனச்சுத்தான போட்டா?"

"உனக்குன்னுதான்."

"அப்போ அது எனக்கு விழுந்த ஓட்டுதான்" என்றான். சிரிக்கவில்லை. மறுபடி பிசைய ஆரம்பித்தான். பிசைந்தபடியே, "சாயங்காலம் வீட்டுல இருப்பியாக்கா?" என்று கேட்டான்.