வருஷா வருஷம் டிவியில் இருமும் சித்திக்கு

சித்தி, இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரிடம்கூடச் சொல்லாதே. அவர் வாயில் ஒன்றும் நிற்காது. சமையல்கட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்று சாயங்காலம் நீ மறுபடியும் டிவியில் வந்தாய்.

சென்னையில் ஃப்ளூ காய்ச்சல் வேகமாகப் பரவுகிறதாம். சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. பின்னால் பேய்ப் படத்துக்குப் போடுவதுபோல ஒரு மியூசிக். ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார்கள், ஆம்புலன்ஸைக் காட்டினார்கள், அப்புறம் உன்னைக் காட்டினார்கள். மாம்பழக் கலர் புடவையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பே குலுங்க இருமினாய். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றுவிட்டாள். பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கும் அக்கா, "ஆஃப் பண்ணுடி, கொழந்த கீது, இந்தக் கண்றாவி எதுக்கு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "திரும்பக் காட்டுவான்."

ஊரே பயந்துகொண்டு பார்த்திருக்கும் அந்தச் செய்தியை நாங்கள் நீ வருவதற்காகப் பார்த்தோம். ஒவ்வொரு விளம்பரம் முடிந்ததும் வந்தாய். அடுப்பில் தோசை கருகிப்போனது. நான் மட்டும் சுவரோரமாக, போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிர் ஏறிக்கொண்டே இருந்தது.

அது பல வருஷத்துக்கு முந்திய படம். நீ அன்றைக்கு ஏன் இருமினாய் என்பது இந்த ஊரில் நம் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சல் எனக்கு. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா கம்பெனி ஷிஃப்டில் இருந்தாள். நீ இட்லிக் கடையைப் பாதியில் மூடிவிட்டு, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் நடந்த காய்ச்சல் முகாமுக்குப் போனாய். வரிசை தெருவரைக்கும் நின்றது. டிவிக்காரர்கள் கேமராவோடு வந்து, வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்த என் பக்கம் குனிந்தார்கள்.

"அம்மா, பாப்பா முகத்த கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"பொம்பளப் புள்ள மூஞ்சிய இன்னாத்துக்குப் புடிக்கிற? வேணும்னா என்னப் புடிச்சிக்கோ" என்றாய். என் முகத்தை உன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாய். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கொசு மருந்து அடிக்கிற ஆள் மிஷினைத் தூக்கிக்கொண்டு மண்டபத்து வாசலில் புகையை விட்டான். வரிசையில் நின்ற எல்லாரும் இருமினார்கள். கேமரா உன்மேல்தான் இருந்தது.

ராத்திரி செய்தியில் நீ 'மூச்சுத் திணறும் பெண்' ஆகிவிட்டாய்.

என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நீ கடையைத் திறந்தபோது ஆள் வரவில்லை. இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி மட்டும்தான் வந்தது. எதிர்த்த பிளாக்கில் இருந்தவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரொம்ப நாள் கழித்து முதலில் வந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் அந்த அண்ணன்.

"யக்கா, டிவில பாத்தேன். இன்னும் உயிரோடவா கீற?"

"கீறேன்டா. உன் பழைய பாக்கிய வாங்காம போவேனா?"

அன்று அவர் சிரித்த சிரிப்பில்தான் கடை திரும்பத் திறந்தது என்று அம்மா சொல்வாள்.

அதற்கப்புறம் எந்த வருஷம் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அந்த டிவி உன்னைத்தான் காட்டியது. பன்றிக் காய்ச்சல் என்றாலும் நீ, மர்மக் காய்ச்சல் என்றாலும் நீ. "இந்த வருஷமும் வந்துட்டேன் பாரு" என்று காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பாய். "அந்தப் பொடவ எப்பவோ கிழிஞ்சி கரித்துணி ஆயிடுச்சி. டிவில மட்டும் புச்சா கீது." ஆனால் நீயும் பயந்தவள்தான். பறவைக் காய்ச்சல் என்று அதே டிவி சொன்னபோது முட்டையை வீட்டுக்குள் விடவில்லை. நிலவேம்புக் கசாயத்தை ஒரு குண்டான் நிறையக் காய்ச்சி, குடிக்காதவர்களுக்குச் சோறு இல்லை என்று சொன்னதும் நீதான்.

ஒரு நாள் உன்னிடம் கேட்டேன், அப்படியென்றால் டிவியில் சொல்வது எல்லாம் பொய்யா என்று. கரி பிடித்த பானையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "பொய்யின்னு எப்டி சொல்றது? இருமுனது நானு, காச்சல் உனுக்கு. அவன் ஆள மாத்திக் காட்டிட்டான். உனுக்கு அன்னிக்கி நெருப்பாத்தான் கொதிச்சிது."

கொதித்தது எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. முகாமிலிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீ கட்டிலுக்குக் கீழே பேப்பரை விரித்துப் படுத்தாய். முழிப்பு வரும்போதெல்லாம் உன் கை என் பாதத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஒரு காலையில் கட்டில் காலியாக இருந்தது. "வூட்டுக்கு இட்டுகினு பூட்டாங்க" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். ஏன் பார்க்கவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்த வார்டுக்குள் எந்தக் கேமராவும் வரவில்லை.

போன வருஷம் விடியற்காலையில், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போக ரோட்டைக் கடந்தபோது, கண்டெய்னர் லாரி இடித்து நீ போய்விட்டாய். அன்றைக்கு நான் டிவியைப் போட்டேன். கீழே ஓடும் எழுத்தில் உன் பெயர் வருமா என்று பார்த்தேன். வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். நம் பிளாக்கில் எல்லாரும் தினமும் கடக்கிற ரோடு அது. அதைப் பார்த்துப் பயப்படச் சொல்லி யாரும் மியூசிக் போடவில்லை. எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை, சித்தி.

இப்போது கடையை அம்மா பார்த்துக்கொள்கிறாள். அதே இடம், அதே பானை. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் நாளைக்கே கீழ்வீட்டுக்குத் தெரியும். டிவியும் இப்படிக் கத்துகிற நேரத்தில் ஒருத்தரும் கடைக்கு வரமாட்டார்கள். அதனால்தான் சொல்லாமல் இருந்தேன். டிவிக்காரர்கள் எப்போதும் பெரிசுபடுத்துவார்கள், சித்திக்கு ஒன்றுமே இல்லாமல் மூச்சுத் திணறல் என்றவர்கள்தானே என்று சாயங்காலத்திலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் பாப்பா இருக்கிறது. பிறந்து இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அக்கா சாப்பிடும்போது, "இந்தா, கொஞ்சம் புடி" என்று என்னிடம் நீட்டினாள். "படிக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். "பெரிய கலெக்டரு. பெத்தவதான் எல்லாம் பாக்கணும்" என்றாள். முகம் வாடிப்போனது அவளுக்கு. பாப்பா கையை ஆட்டிக்கொண்டு என் பக்கமே பார்த்தது. அப்போதிலிருந்து அந்தக் காலிக் கட்டில்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போய்விடுவேனோ என்றும் பயம். அம்மா கடையை மூட வேண்டி வருமே என்றும் பயம். எது பெரிய பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்னை நினைத்தால்தான் கொஞ்சம் அடங்குகிறது. நீ கடை போனதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. "உன்னால" என்ற வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. நன்றி என்று நானும் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "இன்னாடி, காச்சல் மண்டைக்கி ஏறிட்ச்சா?" என்றிருப்பாய்.

இன்று டிவியில் ஒன்றைக் கவனித்தேன். படத்தின் ஓரத்தில், உன் கைக்குக் கீழே, ஒரு ரிப்பன் கட்டிய பின்னந்தலை தெரிகிறது. அது நான். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், ஒருத்தருக்கும் என் முகம் தெரியாது. அந்தக் கையின் அழுத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, சித்தி. ஒரு ஆள் மறைத்துக்கொண்டு முன்னால் நின்றால் பின்னால் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்குத் தெரியாது. அதற்கு நான்தான்—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. "யாரு உள்ள? தாழ் எதுக்குப் போட்டுகினு கீற? பாப்பாவுக்கு வெந்நி வெக்கணும், தொற."

பாப்பா அம்மா தோளில்தான் இருக்க வேண்டும், சத்தம் கதவுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அழுகிறது. கதவைத் திறப்பதற்கு முன்னால், எனக்குக் காய்ச்சல், பாப்பாவைத் தள்ளிக் கொண்டுபோ என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிடப் போகிறேன்.