ஆறு படம், ஒரே ஞாயிறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதில் பாதிதான் உண்மை, மீதியைக் கீழே சொல்கிறேன். நீ சுகமா என்று கேட்கிற வரியையும் இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். போனில் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். ஸ்டுடியோ வழக்கம்போல நடக்கிறது, கல்லூரி சேர்க்கை நேரம் என்பதால் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக் காலையிலிருந்து வரிசை நிற்கிறது. பக்கத்துக் கடைத் தையல்காரர் மகனுக்குப் பெண் பார்க்கப் படம் எடுத்தேன், தலையில கொஞ்சம் முடி வச்சுக் குடுங்கக்கா என்றார், இல்லாததை வைக்க மாட்டேன் என்றேன், மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை.

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்கு யோசனை சொல்ல எனக்கு என்ன தெரியும், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. ஈரக் காலுறையோடு வகுப்புக்குப் போகாதே. விடுதியில் பொதுவாக இருக்கிற வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுக்காதே, முடிகிற வரை புத்தகத்தோடு அங்கேயே உட்கார், துணியும் தொலையாது, பக்கத்தில் இருக்கிறவர்களோடு பேச்சும் வரும். வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்து அடுக்கி வைக்காதே, நாலாம் நாள் அதைப் பார்த்தாலே மனசு விட்டுப்போகும், இரண்டு முட்டையாவது அன்றன்றைக்குப் பொரித்துச் சாப்பிடு. அறைக்கு இன்னொரு சாவி செய்து நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்து வை, அப்படி ஒருத்தி இல்லையென்றால் அவளைத் தேடுவதுதான் முதல் வேலை. ஊர் பார்ப்பதைப் பற்றி அப்பா ஒன்று எழுதச் சொன்னார். ஏதாவது ஒரு பஸ்ல ஏறி டிரைவர் பின்னாடி உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வரணும், அதுதான் ஊரு, மத்ததெல்லாம் போஸ்டர் என்கிறார். முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். மியூசியத்துக்குப் போனால் ஒரே நாளில் எல்லா அறையையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதே, ஒரு அறை போதும். படம் எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் வெறும் கண்ணால் பார், எடுத்த பிறகு யாரும் பார்ப்பதில்லை, இது தொழில்காரி சொல்வது.

படம் என்றதும் ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய், இந்தக் கடிதமே அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம், போன இடத்தில் நின்று, என்பதுதான் நீ புறப்பட்டபோது நாம் பேசிக்கொண்டது. ஆறு வாரம் தவறாமல் வந்தது. மணிக்கூண்டு, பாலம், மியூசியம் படிக்கட்டு, படகுத்துறை, பூங்கா, கடைசியாக மலை மேல் நின்று ஊரைக் காட்டுகிற படம். ஒவ்வொன்றையும் அப்பா பெரிதாகப் போடச் சொல்லி வாங்கி ஸ்டுடியோ சுவரில் மாட்டுவார், படம் எடுக்க வந்து உட்காருகிறவர்களிடம் எல்லாம் எம்பொண்ணு வாராவாரம் ஊர் சுத்துறா, ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற புள்ள இல்ல என்று பெருமை பேசுவார். ஆறாவது படத்தை அச்சுப் போடும்போதுதான் எனக்குக் கண் திறந்தது. சட்டையை மாற்றியிருக்கிறாய், சால்வையை மாற்றியிருக்கிறாய், இரண்டு படத்தில் தலைமுடியை அவிழ்த்தும் விட்டிருக்கிறாய். ஆனால் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி, ஆறு படத்திலும் அதே பிளாஸ்திரி, அதே மூலை பிரிந்து நிற்கிறது. பழைய படங்களையும் எடுத்து நிழலைப் பார்த்து மேஜையில் வரிசை மாற்றி அடுக்கினேன். மணிக்கூண்டில் ஒன்பதே கால், பாலத்தில் நிழல் காலடியில் சுருண்டிருக்கிறது, மலையில் நீளமாகப் படுத்திருக்கிறது. காலையில் கிளம்பிச் சாயங்காலம் அறைக்குத் திரும்பின ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள், அதை வாரத்துக்கு ஒரு துண்டாக எங்களுக்குப் பங்கு வைத்திருக்கிறாய். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்தாயே கண்ணு.

கோபம் இல்லை. அந்த ஒரு ஞாயிறு போக மற்ற ஐந்து ஞாயிறும் நீ எங்கே இருந்தாய், வகுப்புக்காவது போகிறாயா, இதுதான் என் கேள்வி. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது, அது தப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை, அந்த ஆறாவது படத்தையும் பேசாமல் அவர் கையில் கொடுத்தேன், மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறினார், ஸ்டூல் ஆடியது, விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மாவுக்கட்டு, ஒன்றரை மாசம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அவர் ஏறியே இருக்க மாட்டார், அதனால் பழி உன் மேல் இல்லை, பாதி ஸ்டூல் மேல், பாதி என் மேல். முந்தாநாள் நான் உனக்கு அனுப்பின படத்தில் அப்பா தோள் வரைக்கும்தான் இருந்தார், கவனித்தாயோ என்னவோ, அது நான் வெட்டினது. புள்ளைக்குத் தெரிய வேணாம், படிப்பு கெட்டுப்போகும் என்றார், தையல்காரரிடம் அவ்வளவு நியாயம் பேசினவள் மறுபேச்சில்லாமல் வெட்டினேன். ஆகையால் இந்த வீட்டில் யோக்கியம் பேச ஒருத்தருக்கும் வாய் கிடையாது. வெட்டாத படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பயப்படாதே, விரல் எல்லாம் அசைகிறது, இடது கையால் சாப்பிட்டுச் சட்டை முழுக்கக் கறைதான்.

இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிறு நீ எங்கேயும் போக வேண்டாம். உன் அறையை இருக்கிறபடியே, பெருக்காமல், போர்வையை மடிக்காமல், நீயும் அதில் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு. திரும்பி வர வேண்டும் போல இருந்தால் வந்துவிடு, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே, ஊருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறவள் நான், அதன் முகம் எனக்குத் தெரியும். அங்கேயே இருப்பது என்றால் கல்லூரியில் மாணவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வைத்திருப்பார்களாமே, நாளைக்கே போய் அவர்கள் முன்னால் உட்கார். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், சுவரில் இருக்கிற படங்களை எடுக்க மாட்டேன், அன்றைக்கு ஒரு நாளாவது வெளியே போயிருக்கிறாயே.

நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நீண்ட ஆயுசோடு இரு. காலுறையை மறக்காதே. கீழே கோணலாகத் தெரிவது அப்பாவின் இடது கைக் கையெழுத்து, காகிதம் வெறுமையாக இருக்கும்போதே வாங்கிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக வருகிறவர்களிடம் எல்லாம் கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க என்று சொல்லியே பிழைத்தவள் நான். இந்தப் படத்துக்கு நீ சிரிக்க வேண்டாம். முதல் வரியில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன், சுகமா இருக்கியா?

உன் அம்மா
அப்பா