ஞாயிறு வகுப்புக்கு ஒரு காளைக் கணக்கு

என் ரோஸிக்கு,

நாளை பூசை முடிந்ததும் நூலகப் பின்னறையில் நம் பிள்ளைகள் கூடுவார்கள். சேர்ந்து புரோகிராம் எழுதிப் பழக அவர்களுக்கு ஒரு கணக்கு கொடுக்க வேண்டும். காலையிலிருந்து எழுதுகிறேன், அழிக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கணக்கைத் தேர்ந்தெடுப்பது உன் வேலையாக இருந்தது. பத்தாவதோடு நின்ற நான் ஓரமாக உட்கார்ந்து டைப் அடிப்பேன், வாய் திறக்க மாட்டேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வேலை ஏன் என்னிடம் வந்தது?

போன வாரம் இணையத்திலிருந்து ஒரு சதுரங்கக் கணக்கை எடுத்துப் போனேன். டவுனில் வளர்ந்த சகாயமேரி லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு தனியாகவே முடித்துவிட்டாள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். கிளம்பும்போது மலர், "வேடிக்கை பாக்க எங்க வீட்டுலயே டிவி இருக்குடி" என்றாள். இன்னொரு வாரம் இப்படிப் போனால் குழு கலைந்துவிடும், ரோஸி.

"ஒருத்தியே முடிச்சிர்ற கணக்கு வேணாம்டி. சண்டை வரணும்" என்பாயே. எதில் சண்டை வரும்?

மதியம் சோறு போட்ட அம்மாவிடம் கேட்டேன்: நம் ஊர் ஜல்லிக்கட்டில் எந்தக் காளைக்குப் பின் எந்தக் காளையை விடுவது என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

"டோக்கன் நம்பர்படிதான். இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?"

உள்ளே படுத்திருந்த பெரியம்மா எழுந்து வந்தாள். நீ போனதிலிருந்து, யாராவது கேட்டால் மட்டும்தான் உன் அம்மா வாய் திறப்பாள். "கோயில் காளைக்கு டோக்கனா? அதுதான் மொதல்ல போகும். அதை ஒருத்தரும் பிடிக்கக் கூடாது!"

"சரிக்கா. டோக்கன் வாங்குன மாடு வர லேட்டானா?" என்றாள் அம்மா.

"அடுத்ததை விடு. லேட்டா வந்ததைக் கடைசில விடு."

"அதெப்படி? ஒன் மாடா இருந்தா ஒத்துக்குவியா?"

சோறு ஆறிப்போனது. நீ சொன்ன சண்டை வந்துவிட்டதென்று நோட்டை எடுத்தேன். கோயில் காளைக்கு ஒருத்தி எழுதலாம், டோக்கன் வரிசைக்கு ஒருத்தி, பிந்தி வரும் மாட்டுக்கு மலர். வாடிவாசலையே பார்த்திராத சகாயமேரி எல்லாரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் மலர் வருவாளா?

பிந்தி வரும் மாட்டுக்கு மட்டும் நான் விடை எழுதவில்லை. அதைச் சொல்ல பெரியம்மாவே நாளை வருகிறாளாம், அம்மா சொன்னது தப்பென்று நிரூபிக்க. ஆகவே கணக்கை நானே எழுந்து நின்று வாசிப்பேன், ரோஸி. கடைசி பெஞ்சில் உட்காரும் உன் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.

உன் சித்தி மகள்,
செலின்