சித்தியின் பக்கம்

ஜூன் 18

ஐந்தாம் வகுப்புத் தமிழில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள்: 'பிறர் பார்வையில் கதை கூறல்'. கூடவே வாழும் மனைவியின் பார்வையே ஐம்பத்திரண்டு வயதில் இன்னும் பிடிபடாத ஆளிடம் இதை ஒப்படைத்திருக்கிறார் தலைமையாசிரியை.

இன்று மிட்டாய் வீட்டுச் சூனியக்காரியை எடுத்தேன். கதையை வழக்கம்போலச் சொல்லிவிட்டு, இனி எல்லாரும் சூனியக்காரியாக மாறி அவள் தரப்பைச் சொல்லவேண்டும் என்றேன். கடைசி வரிசைக் குண்டன் எழுந்தான். "கஷ்டப்பட்டுக் கட்டின வீடு சார். சுவரைக் கடிக்கறதுக்கு முன்னாடி காலிங் பெல் அடிக்க வேணாமா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புக் கணக்கு மேடம் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. வழுக்கையில் கனம் ஏறினால் சட்டென்று தெரிந்துவிடும் என்பாள் மனைவி.

ஜூன் 20

நூலகத்து மேடத்துக்குப் போன வருஷக் கடைசியில்தான் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் பள்ளி எலெக்ட்ரிஷியன். நூலகத்து மின்விசிறியை மனிதர் வாரக்கணக்கில் பழுது பார்த்தார். பழுதானது விசிறி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்து ஸ்டாஃப் ரூமுக்கு அறிவித்த பெருமை அடியேனுடையது.

அவருக்கு முதல் மனைவி இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது. மகள் என் வகுப்பில்தான். இருப்பதிலேயே சின்ன உருவம், அதனால் எல்லாருக்கும் அவள் சுண்டு. கல்யாணமான நாளிலிருந்து சுண்டு வீட்டில் மேடத்தை எப்படியும் கூப்பிடுவதில்லையாம். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று இருமுவாளாம்.

இன்று புத்தகம் மாற்றப் போனபோது மேடம் தானாகவே சொன்னார். "நேத்து குளிச்சுக்கிட்டு இருந்தவ உள்ளேருந்து, 'சித்தி, துண்டு'ன்னா சார். அவங்க அப்பா ரொம்ப நாளா சொல்லிக் குடுத்தது. நான் துண்டு எடுக்காம அப்படியே நின்னுட்டேன்."

"பாவம், பிள்ளை காத்துலயே காய்ஞ்சிருக்கும்" என்றேன். சிரித்தார். கண் மட்டும் சிரிப்பில் சேரவில்லை, நிரம்பியிருந்தது.

மணி அடிப்பதற்குள் விஷயத்தை ஸ்டாஃப் ரூமில் சேர்த்துவிட்டேன். நல்ல செய்தியானாலும் வம்பு வம்புதானே.

ஜூன் 24

இன்று தூள் கிளப்பினேன்.

ராஜா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ள, வந்தவள் ராஜகுமாரியை அடுப்படிக்குத் துரத்தும் கதை. பலகையில் 'சித்தி' என்று பெரிதாக எழுதினேன். அடுத்த வகுப்பில் அவள் பக்கத்தைப் பேசவைக்க வேண்டும். அதற்கு முன்னால் அவளை நன்றாகக் கெட்டவளாக்கினால்தானே சுவை? பலகை துடைக்கும் துணியைத் தோளில் போட்டு, இடுப்பில் கைவைத்து, கண்ணை உருட்டி நடந்து காட்டினேன்.

சுண்டு எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "சித்தின்னா அம்மாவோட தங்கச்சிதானே சார்? எங்க அப்பா அப்படித்தான் சொன்னாரு."

எனக்குத்தான் வாய் எப்போதும் தயாராக இருக்குமே. "அது ஒரிஜினல். இது அப்பா கட்டிக்கிட்டு வர்ற டூப்ளிகேட். லேபிள் ஒண்ணு, சரக்கு வேற. 'சித்திக் கொடுமை'ன்னு கேள்விப்பட்டதில்ல?"

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. சுண்டுவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 25

தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் ஒரே நிம்மதியாம்.

ஜூன் 28

நூலகத்துக்குப் போனேன். மேடத்தின் முகம் சரியில்லை. நாலு நாளாகச் சுண்டுவிடம் மறுபடியும் இருமல்தானாம். தலை பின்னிவிட்டால் பின்னிக்கொள்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், ஆனால் கூப்பிடுவதில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல சார்" என்றார்.

நாலு நாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பலகை, துணி, டூப்ளிகேட், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், கைக்குக் கிடைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் பார்க்கிறேன் — ஆடு வளர்ப்பு.

அந்தப் பிள்ளையின் கதை எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொன்னவனே நான்தானே? பிறகு எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. சிரிப்பு வருகிற நேரத்தில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க அந்தச் சித்திக்கு வக்கீலாத்தானே போனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 1

சித்தியின் முறை. சுண்டுவைக் கேட்பதாகவே இல்லை. வரிசையில் அவளைத் தாண்டிப் போனேன். அவளே எழுந்து நின்றாள்.

"நான்தான் சித்தி. ராஜா பொண்ணுக்கு நான் தலை பின்னி விடுவேன். அவ என்னைக் கூப்பிட மாட்டா. ஏன்னா என் பேரு கெட்ட வார்த்தைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சா அழுவேன். அதான் அவ சொல்றதில்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

சித்திக்கே தெரியாததைச் சித்தி எப்படிச் சொல்வாள், பார்வை பிசகுகிறதே என்று திருத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. இந்த வாய்க்கு அது புதுசு.

வெறுப்பு என்று நினைத்தேனே, முட்டாள். மேடத்தை யாரும் கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று காவல் நிற்கிறாள் இவள். நான் கெடுத்துவைத்த வார்த்தையிலிருந்து.

ஜூலை 2

இடைவேளையில் சுண்டுவைக் கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கு நான் சொன்னது வெறும் விளையாட்டு, சித்தி என்பது நல்ல சொல், அம்மாவுக்கு அடுத்த சொல், தாராளமாகக் கூப்பிடலாம் என்றெல்லாம் விளக்கினேன். நகைச்சுவையே இல்லாமல் ஐந்து நிமிஷம் பேசியது என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை.

மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இது யாரோட பக்கம் சார்?" என்றாள்.

பாடம் நன்றாகத்தான் புரிந்திருக்கிறது.

ஜூலை 3

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணியைத் தோளில் போட்டு நடந்தது உட்பட. கோபப்படட்டும் என்று காத்திருந்தேன்.

"நான் அழுவேன்னா சொல்லாம இருக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன். அலமாரிகளுக்கு நடுவே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்திருந்தேன். யாரும் இல்லாத மேசையிடமா கேட்பது? வந்துவிட்டேன்.

ஜூலை 19

எலெக்ட்ரிஷியன் வகுப்பறைக்கு வந்து விளக்கை மாற்றினார். ஏணியிலிருந்து இறங்கி, "வணக்கம் சார்" என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் ஒரு விளக்குக்கு அரைமணி நேரம் அரட்டை உண்டு.

ஆகஸ்ட் 6

மேடம் அந்த வார்த்தையை மீட்க என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். தன்னைத்தானே "சித்தி வந்திருக்கேன், சித்தி செஞ்சு தரேன்" என்று சொல்லிக்கொண்டாராம். "வேணாம், உங்களை நீங்களே அப்படிச் சொல்லிக்காதீங்க" என்று சுண்டு வாயைப் பொத்தினாளாம். அதோடு விட்டுவிட்டார்.

செப்டம்பர் 9

மாலையில் பெருமழை. பள்ளி விட்டும் எல்லாரும் தாழ்வாரத்தில் நின்றோம். நூலகத்து மேடம் குடையை விரித்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். சுண்டு பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"என்னங்க... என்னங்க, நில்லுங்க. நானும் வரேன்."

மேடம் உடனே திரும்பினார். பழகின திரும்பல். குடையைச் சரித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். வீட்டில் மேடம் கணவரை அழைக்கும் சொல்லாக இருக்கும். பிள்ளை அதையே எடுத்துக்கொண்டுவிட்டது. இருப்பதில் அப்பழுக்கில்லாத சொல்லாகத் தேடியிருக்கிறாள்.

பக்கத்தில் நின்ற கணக்கு மேடம் வாயைப் பொத்திச் சிரித்தார். "என்ன சார் இது, புருஷனைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுது?" மற்ற ஆசிரியர்களும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் என்னிடமிருந்து ஒன்று வரும் என்பது வழக்கம். நாலைந்து வந்தும்விட்டன, நாக்கு நுனிவரைக்கும்.

"மழை இப்போதைக்கு விடாது போலிருக்கே" என்றேன்.