அண்ணனும் பயாஸும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் இருண்டது. ஒரு வரவேற்பறையின் படம்: சோபா, விளக்கு, ஜன்னல் வெயில். கணினி அதைத் தீட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் அலறுகிறது.

வெள்ளி மாலைக்குள் உள்ளலங்கார நிறுவனத்துக்குப் படத்தை அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை. இப்போதைக்கு அண்ணன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து அடுத்தவர்களின் அறைகளை வரைகிறேன்.

மார்ச் 4

அண்ணன் எட்டிப் பார்த்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அங்கே பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை உருவியிருக்கிறான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவன்தான் கணினி நிபுணன்.

"டிரைவர் பழசு. அப்டேட் பண்ணிப் பாரு, பறக்கும்."

டிரைவர் — கிராபிக்ஸ் கார்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசும் தரகன். தரகனை மாற்றினோம். திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு.

"பாத்தியா! கண்ணாடியே வேணாம்."

அவன் போனதும் பழைய தரகனையே திரும்ப அழைத்தேன். மறுபடி கறுப்பு.

மார்ச் 5

இணைய மன்றத்தில் ஒருவர்: முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். அடுத்தவர்: செத்தாலும் பயாஸைத் தொடாதீர்கள். இருவருக்கும் சமமான கைதட்டல். நான் இலக்கியம் படித்த பல்கலைக்கழகத்தில் இதற்கு விமர்சன மரபு என்று பெயர்.

பயாஸ்: கணினி விழித்ததும், தான் யார் என்று நினைவுபடுத்திக்கொள்ள வைத்திருக்கும் சிறு நிரல். எனக்கும் ஒன்று இருந்தால் தேவலை.

மார்ச் 6

பயாஸுக்கு மதர்போர்டின், அதாவது கணினியின் தாய்ப்பலகையின், மாடல் எண் வேண்டும். எங்கள் வீட்டில் எந்த அட்டைப்பெட்டியையும் எறிந்ததில்லை. அண்ணன் பரணிலிருந்து இறக்கி, தும்மி, எண்ணைப் படித்தான். கணினி கோப்பை ஏற்க மறுத்தது. பொருந்தவில்லையாம்.

"மெஷினுக்குக் கொழுப்பப் பாரு!"

"ஏங்க, அது பழைய போர்டோட பெட்டி. அதைத்தான் வாரண்டில மாத்திட்டாங்களே" என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

அண்ணன் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப பெட்டிய ஏன் மாத்தல?"

கணினியின் பூப்போட்ட உறையை உருவி, பக்கத் தகட்டைக் கழற்றி, போர்டிலேயே எண்ணைப் பார்த்தோம். சரியான கோப்பு. ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் கணினி வெறும் தகரம். எனவே மிக்ஸிக்குத் தடை, இஸ்திரிக்குத் தடை, அண்ணி இருமுவதற்கும் தடை. பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல் நின்றோம்.

முடிந்தது. ஒரு சின்ன படத்தை ஓட்டினேன். இருளவில்லை! அண்ணன் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்தான்.

மார்ச் 7

இறுதிப் படம். கறுப்பு.

சாயங்காலம் அனுப்பணும். என்னத்தைத்தான் பண்ணித் தொலைச்சோம் — ஐயோ, பயாஸும் இல்லையா, அப்ப என்னதான் —

ஆத்திரத்தில் கணினிப் பெட்டியை அறைந்தேன். துணி சுட்டது.

துணி.

அண்ணி தைத்த உறை. சோபாவுக்கு எடுத்ததில் மிஞ்சியது. எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, டிவிக்கு உறை. போன மாதம் கணினிக்கும். போன மாதம்தான் இருளவும் தொடங்கியது. நேற்று கழற்றியதைக் காலையில் பெருக்கும்போது மறுபடி மாட்டியிருக்கிறார். மௌனத்தின் குறியீடுகள் பற்றி அறுபது பக்க ஆய்வேடு எழுதியவள் நான். மூச்சுத் திணறும் பெட்டி கண்ணில் படவில்லை.

உருவினேன்.

"ஏம்மா, தூசி போயிடுமே?"

"கொஞ்சம் காத்தாடட்டும் அண்ணி."

"நான் வேணா விசிறவா?"

பழைய காலண்டர் அட்டையை எடுத்துவந்து உண்மையாகவே விசிறினார். கை மாற்றி மாற்றி. மாலையில் படம் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் வந்தான். "சொன்னேன்ல? எல்லாம் பயாஸ்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

மார்ச் 19

வேலை கிடைத்துவிட்டது. 'என் பயாஸ் வாங்கிக் குடுத்த வேலை' என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்கிறான்.

மார்ச் 23

பக்கத்து வீட்டுக்காரர் தம் கணினியை அண்ணனிடம் காட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி. இனி ஓடாது.

ஏப்ரல் 6

தனி அறை. ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். குறுக்கே யாரும் நடப்பதில்லை.

மதியம் அண்ணன் போன். "ஆபீஸ் சிஸ்டம் எப்படி? மக்கர் பண்ணுதா?"

"நல்லாத்தான் ஓடுதுண்ணா."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"ம்." போனை மட்டும் வைக்கவில்லை.

கட்டில் கால் ஒன்று ஆடுகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வா என்றேன். ஸ்க்ரூடிரைவர் எடுத்து வருகிறானாம். குரலே மாறிவிட்டது.

கட்டில் ஆடவில்லை. அதற்குள் ஒரு திருகைத் தளர்த்திவைக்க வேண்டும்.