மிஞ்சின ஒரு இரப்பர்க் கல்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
23.08.1981

அன்பு மகன் றஊபுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் கச்சான் காற்றுக்கு வெடித்த உதடுகளோடும் வீடு நிறைந்த புழுதியோடும் சுகமாக இருக்கிறோம், நீ தோஹாவில் குளிர்ப்பெட்டிக் காற்றடிக்கிற அறையில் எங்களைவிடச் சுகமாக இருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் தொழுகைக்குத் தொழுகை உனக்காகவும் கை ஏந்துகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வாப்பாவின் இருமலைப் பற்றி ஒரு வரி, தங்கச்சியின் கலியாணத்தைப் பற்றி அரை வரி, மிச்சம் முழுக்க, ஒன்றில் ஒன்றைக் கொழுவி நீ வீடு கட்டி விளையாடின அந்தச் சிவப்பு இரப்பர்க் கல்லுப் பெட்டியைப் பற்றி. ஒரு விளையாட்டுச் சாமானுக்குச் செலவழிக்க உன்னிடம் இவ்வளவு தமிழ் இருந்தது எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரை எழுதச் சொன்ன நாட்களில் அதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாயோ. உன் முதலாளியின் பிள்ளைகளிடம் மோட்டாரும் சில்லும் வைத்துக் கட்டுகிற பெட்டிகள் இருக்கின்றனவாம், எந்தத் துண்டை எங்கே கொழுவ வேண்டும் என்று சொல்ல ஒரு புத்தகமும் கூடவே வருமாம், அதனால் அவர்களுக்குக் கற்பனை செத்துப்போயிற்றாம். எங்கள் காலத்தில் ஒரே அளவுக் கல்லு, ஒரே நிறம், என்ன எளிமையான காலம் உம்மா என்று எழுதியிருக்கிறாய். இருபத்துமூன்று வயதில் உனக்கு ஒரு ‘எங்கள் காலம்’ வந்துவிட்டது, மாஷா அல்லாஹ். அந்த எளிமையான காலத்தில் விடிய எழும்பிப் பேக்கரி வாசலில் பாண் கியூவில் நின்றது நானும் வாப்பாவும். நீ மரவள்ளிக்கிழங்கைக் கண்டு முகம் திருப்பினதும் அதே காலம்தான். கடையில் விளையாட்டுச் சாமான் என்று ஒன்றுமே இல்லாததால்தான் அந்த ஒரு பெட்டி உனக்குப் பொன்னாகத் தெரிந்தது, மீசை அரும்பின பிறகும் அதை ஒருவரையும் தொட விடவில்லை. இல்லாமைக்கு எளிமை என்று பெயர் வைக்க ஒரு ஆள் பிளேன் ஏறிப் போகவேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியை வாப்பா உனக்காக ஆசையாக வாங்கிவந்தார் என்றும் எழுதியிருக்கிறாய். வாப்பா வாங்கினது அலுமாரி. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது டொக்யார்ட்டில் ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள், வாப்பா அலுமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து திறந்தால் அடித்தட்டில் அந்தப் பெட்டி கிடந்தது, நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். பாதிக் கல்லு இல்லை, கூரைத் துண்டு ஒன்றும் இல்லை, பிஸ்கட் டின் மூடிதான் கடைசிவரைக்கும் உன் வீடுகளுக்குக் கூரை. நீ மறக்காமல் வைத்திருப்பது பெட்டி மூடியில் இருந்த படத்தை, புகைபோக்கி வைத்த அந்த இங்கிலீசு வீட்டை. கட்டத் தொடங்கினால் முதலில் புகைபோக்கி கட்டுவாய், அது படத்தில் உள்ள உயரத்துக்கு வரவேண்டும் என்று கல்லையெல்லாம் அதற்கே போடுவாய், பிறகு பின்சுவருக்குக் கல் இருக்காது. உன் வீடுகள் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது மகன். நானும் தங்கச்சியும் சேர்ந்து கட்டுவோமே என்று நீ எழுதினதை வாசித்துவிட்டு அசனா வாய்விட்டுச் சிரித்தாள். ‘காக்கா கட்டுவார், நான் கல்லு எடுத்துக் குடுப்பன், வீடு விழுந்தால் எனக்கு அடி விழும், அதுதான் சேந்து கட்டினது’ என்றாள். நீ வேண்டாமென்று எறிந்த உடைந்த கல்லுகளை வைத்து அவள் ஒரு மூலையில் கிணறும் குசினியும் ஆட்டுக் கொட்டிலும் கட்டிக்கொண்டிருப்பாள், அதை நீ எழுதவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கவும் நியாயமில்லை.

சரி, பெட்டியை, அங்கிருந்து லீவில் வந்து நிற்கிற மஹ்ரூபிடம் கொடுத்துவிடச் சொன்னாய். அதற்கு முதல் நீ அவனிடம் கொடுத்துவிட்ட பிளானைப் பற்றிக் கதைக்க வேண்டும். இந்தப் பழைய வீடு எனக்கு என் வாப்பா தந்த சீதனம், இதை உடைத்து இதே வளவில் அசனாவுக்கு அவளுடைய சீதன வீட்டைக் கட்டுவது என்று நீயும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம், பிளான் நானே கீறி அனுப்புகிறேன் என்று நீதான் சொன்னாய். வந்தது. தாளும் கோடும் நல்ல வடிவு, கை சுத்தம், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் கச்சான் வந்து முகத்தில் அடிக்கிற மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்திருக்கிறாய். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஆம்பிளை விருந்தாளி வந்தால் அசனா அடுப்புக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டியதுதான். கூரையில் புகைபோக்கி. பெட்டி மூடியில் இருந்த அதே புகைபோக்கி. ஆனந்தராசா மேசன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘டீச்சர், பேக்கரி போடப் போறீங்களா’ என்று கேட்டார். இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். மேல்மாடியில் துறைமுகத்தைப் பார்த்தபடி, வீட்டிலேயே பெரிய அறையாக ஒன்றைக் கீறி அதற்குள் ‘றஊப்’ என்று எழுதியிருக்கிறாயே, அதை என்ன செய்வது. எங்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். எனக்கும் வாப்பாவுக்கும் ஓர் இடமும் இல்லை. இல்லாத காருக்கு ஒரு கொட்டில் இருக்கிறது.

பெருநாள் முடிந்த கையோடு ஆமினா உம்மா வந்தார், மாப்பிள்ளை அபூதாஹிரின் உம்மா. வாப்பா பெருமையாகப் பிளானை விரித்துக் காட்டினார். அவர் விரலை உன் அறையில் வைத்து, இந்தப் பெரிய அறை யாருக்கு என்று கேட்டார். மகனுக்கு என்றார் வாப்பா. ‘எந்த மகனுக்கு, என்ர மகனுக்கா, உங்கட மகனுக்கா’ என்று கேட்டார். என்ர மகன் வந்தால் நிற்க என்று வாப்பா சொன்னதும் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ‘மச்சானுக்குப் பெரிய அறை, மாப்பிள்ளைக்குச் சின்ன அறை, நல்லாத்தான் இருக்கு, அபூதாஹிர் விறாந்தையில படுக்கட்டும்’ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். கேற்றடியில் என் கையைப் பிடித்து, ‘ஸல்ஹா டீச்சர், உங்களில எனக்குக் கோபமில்ல. மழைக்கு முதல் அத்திவாரம் போடுங்க, ஆனால் அது ஆர்ர வீடு எண்டு முடிவெடுத்துப்போட்டுப் போடுங்க, ஏலாதெண்டால் சொல்லிவிடுங்க, மூதூரிலயும் ஒரு பிள்ளையைக் கேட்டு வந்திருக்கினம்’ என்றார். அவர் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் வீடு, ஆம்பிளைப் பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன், இதைப் பால் குடிக்கிற பிள்ளையும் அறியும். கோடு கீறப் படித்த கெட்டிக்காரன் நீ ஒருவன்தான் தங்கச்சியின் சீதன வீட்டில் உனக்கு அறை கீறியிருக்கிறாய்.

அசனா அழவில்லை. ‘காக்காவுக்கு அந்த அறையில அவ்வளவு விருப்பமெண்டால் அவரையே அபூதாஹிருக்குக் கட்டிக் குடுங்க’ என்றாள். வாய் அப்படித்தான், ஆனால் அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருக்கிறது. கேட்டால் சொல்லமாட்டாள், பின்னேரம் துறைமுகத்தில் வேலை முடிகிற சங்கு ஊதினதும் அவளுக்குக் கேற்றடியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது, அபூதாஹிர் சைக்கிளில் போகிற வழி அது. ஆமினா உம்மா வந்துபோன பிறகு சங்கு ஊதினால் அவள் குசினிக்குள்ளேயே நிற்கிறாள். நான் வாப்பாவிடம் அறையை அழிக்கச் சொன்னேன், படித்த பிள்ளை அளந்து கீறினதில் நான் கை வைக்க ஏலாது என்று பிளானைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். இஞ்சினியர் கீறினது, இஞ்சினியர் கீறினது என்று வழியில் போகிறவர்களுக்கும் சொல்கிறார். அவன் இஞ்சினியர் இல்லை, இஞ்சினியர் சொல்வதைப் படமாகக் கீறுகிறவன் என்று நான் திருத்தினால் என்னோடு கதைப்பதில்லை.

அப்போதுதான் அசனா அலுமாரிக்கு மேல் இருந்து உன் பெட்டியை இறக்கினாள். நீ எழுதின அந்த மணம், பிள்ளைப் பிராயத்து மணம் என்று எழுதினாயே, அது சைக்கிள் ரியூப் கடையின் மணம், வீடு முழுக்க அடித்தது. வெக்கைக்குப் பல கல் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, கத்தியால் பிரித்தாள். பிளான் அவள் மனதில் இருந்தது, சாப்பாட்டு மேசையில் நீ கீறினபடியே ஒரு கோடும் மாறாமல் கட்டினாள், வாப்பா கதிரையில் இருந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோக்கி எழும்பியது, உன் அறையும் எழும்பியது, கல் முடிந்தது. குசினியின் பின்பக்கம் வெறும் மேசை. ‘வாப்பா, கல்லு முடிஞ்சுபோச்சு, குசினிக்குச் சுவர் இல்ல, என்ன செய்ய’ என்று கேட்டாள். இது விளையாட்டுச் சாமான் என்றார் அவர். உண்மை வீட்டுக்குக் கல் இல்லாமல் போகாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர் சொன்ன விதம் விளையாட்டைப் பற்றிச் சொன்ன மாதிரி இல்லை. அவள் புகைபோக்கியைக் கழற்றினாள், பிறகு உன் அறையை ஒவ்வொரு கல்லாகக் கழற்றினாள், வாப்பா எழும்பி ஜன்னலடிக்குப் போய்த் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார். அந்தக் கல்லில் குசினிக்குச் சுவரும் வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் படுக்கக் கிணற்றடியில் ஒரு சாய்ப்பும் வந்தது.

அவள் உள்ளே போன பிறகு நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே சொன்னார். கலியாணம் முடிந்து என் வீட்டுக்கு வந்த கிழமை, ஏதோ மறந்துவிட்ட சாமானை எடுக்கக் கிண்ணியாவுக்குப் பாதைப் படகேறிப் போனாராம், தன் உம்மா வீட்டில் அவர் பாய் விரிக்கிற மூலையில் நெல்லு மூட்டை அடுக்கியிருந்ததாம். அவர் உம்மா சந்தோசமாகத்தான் சோறு போட்டாராம், இருட்டுமுன் பெண்சாதி வீட்டுக்குப் போ என்று அனுப்பினாராம். ‘நெல்லு மூட்டையை வேற எங்க வைக்கிறது, அதில பிழை சொல்ல ஏலாதுதானே’ என்று என்னிடம் கேட்டார். இவ்வளவு காலம் இந்த வீட்டில் இருந்த மனுசன், என் கட்டில் என் அலுமாரி என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினவர், இதை ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் அவரை வற்புறுத்தவில்லை. உன் அறையை அழிக்க அவருக்குக் கை வராது மகன். அது படிப்புக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும். அழிக்க வேண்டிய கை உன்னுடையது.

ஆகவே இந்தக் கடிதத்தை வாசித்ததும் கடிதம் எழுத உட்காராதே, உன் கடிதம் நினைவுகளையெல்லாம் சுமந்துகொண்டு ஆறுதலாக வரும், ஆமினா உம்மா அதுவரைக்கும் காத்திருக்கமாட்டார். வாப்பாவின் பெயருக்கு ஒரு தந்தி அடி. எனக்கு அறை வேண்டாம், அசனா சொல்கிறபடி கட்டுங்கள், அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் காசு வாங்குவார்கள் என்பதால் அதில் உன் ஏக்கத்துக்கு இடம் இருக்காது, அது நல்லதுதான். தந்தி வந்தால் வாப்பா ஒரு நாள் வெற்றிலை போடாமல் இருப்பார், மறுநாள் அலுமாரித் திறப்பைத் தானே எடுத்துத் தருவார், எனக்கு அவரைத் தெரியும். நீ வரும்போது விறாந்தையில் கட்டில் போட்டுத் தருவோம், அசனா மச்சானும் மாப்பிள்ளையுமாக இருத்திச் சோறு போடுவாள். மனம் சுருங்கத்தான் செய்யும். எங்கேயோ ஒரு ஊரில் உனக்குத் தெரியாத ஒரு மனுசன் தன் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பார், உன் அறை அதில்தான் இருக்கிறது, அவருக்குப் பிளான் கீறிக் கொடுக்கப் போகாதே.

மஹ்ரூபின் கையில் பெட்டி இல்லை என்று கண்டதும் நீ முகத்தைத் தூக்கியிருப்பாய். பெட்டி வராது. அசனாவின் வீடு மேசையில் நிற்கிறது, ஆனந்தராசா மேசன் அதைப் பார்த்துத்தான் நூல் கட்டப்போகிறாராம், பிறகு அது அவள் பிள்ளைகளுக்கு. குசினியும் சாய்ப்பும் முடிந்த பிறகு உன் அறைக் கல்லில் ஒன்று மட்டும் மிஞ்சினது, அதை இந்தக் கடிதத்தோடு சுற்றி வைத்திருக்கிறேன். வாப்பாதான் எடுத்துத் தந்தார், இதை அவனுக்கு அனுப்பு என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, குளிர்ப்பெட்டிக்கு நேரே தலையை வைத்துப் படுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல பெண்சாதியையும், அவள் வீட்டில் காற்று வருகிற ஒரு ஜன்னலையும் தரட்டும். கல்லைத் தொலைத்துவிடாதே, போகிற வீட்டில் அதை வைக்க ஒரு இடம் கேட்டு வாங்கு. முதலில் தந்தி.

உன் உம்மா,
ஸல்ஹா